தீட்டென்று சொல்லும் உரிமை: பண்டைய இஸ்ரவேலின் தூய்மைச் சட்டங்களில் ஆசாரியரும் மக்களும்

1. கேள்வி

லேவியராகமத்தின் 14ஆம் அதிகாரத்தில், வீட்டுச் சுவரில் தோன்றும் படையைப் பற்றி ஒரு விதி உண்டு. சுவரில் பச்சையாகவோ சிவப்பாகவோ குழி விழுந்தாற்போன்ற தடங்களைக் காணும் வீட்டுக்காரர் ஆசாரியரிடம் போக வேண்டும். போய், வீட்டில் படை போன்ற ஏதோ ஒன்று தமக்குத் தென்படுவதாகச் சொல்ல வேண்டும். படை வந்துவிட்டது என்று அவரே முடிவுகட்டிச் சொல்வதற்குச் சட்டத்தின் வாசகம் இடம் தரவில்லை. அடுத்து, ஆசாரியர் வந்து பார்ப்பதற்கு முன்பாகவே வீட்டிலுள்ள பொருள்களை எல்லாம் வெளியே எடுத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் அவையும் தீட்டாகிவிடும்.

சுவரில் தடம் முந்தின நாளே வந்துவிட்டது. பானையும் பாயும் அந்த நாள் முழுவதும் அதே சுவர்களுக்குள்தான் இருந்தன. ஆனாலும் ஆசாரியர் வாய் திறக்கும்வரை அவை தூயவை. அவர் தீட்டென்று சொன்ன பிறகு, உள்ளே எஞ்சியிருப்பவை மட்டும் தீட்டுப்பட்டவை. அப்படியானால் தீட்டு என்பது பொருளில் ஒட்டியிருக்கும் ஒன்றா, அல்லது அதிகாரம் பெற்ற ஒருவரின் சொல்லால் உண்டாகும் நிலையா?

இந்தக் கேள்வி பண்டைய இஸ்ரவேலின் மத அதிகாரத்தைப் பற்றிய பெரிய கேள்விக்கு வாசலாகிறது. தூய்மைச் சட்டங்கள் ஆசாரியர்கள் மக்களைக் கட்டுக்குள் வைத்திருக்க எழுதிக்கொண்டவை என்ற எண்ணம் பரவலாக உண்டு. அந்த எண்ணத்தில் ஓரளவு உண்மை இருக்கிறது. ஆனால் சட்டங்களை வரிவரியாகப் படித்தால், ஆசாரியரின் அதிகாரம் நாம் நினைப்பதைவிடக் குறுகியதாகவும் விசித்திரமானதாகவும் தெரிகிறது. ஓரிடத்தில் அவர் சொல்லே எல்லாம். மற்றப் பெரும்பாலான இடங்களில் அவருக்கு வேலையே இல்லை. இந்த ஏற்றத்தாழ்வு எப்படி அமைந்தது, பின்வந்தவர்கள் அதை எப்படி மாற்றினார்கள் என்பதையே இக்கட்டுரை ஆராய்கிறது.

2. இதுவரை சொல்லப்பட்டவை

நவீன ஆய்வின் தொடக்கத்தில் நிற்பவர் ஜெர்மானிய அறிஞர் யூலியஸ் வெல்ஹாசன். 1878இல் வெளிவந்த இஸ்ரவேல் வரலாற்று நூலில் அவர், லேவியராகமத்தின் சட்டங்களை உள்ளடக்கிய ஆசாரிய மூலம் பாபிலோனியச் சிறையிருப்புக்குப் பிற்பட்டது என்று வாதிட்டார். அரசன் இல்லாத, ஆலயத்தையே மையமாகக் கொண்ட சமூகத்தில் ஆசாரியர் ஆட்சியாளராக மாறியதன் பதிவாக அவர் அதைக் கண்டார். உயிர்ப்பான பழைய வழிபாடு விதிகளுக்குள் உறைந்துவிட்டது என்ற வருத்தமும் அவர் எழுத்தில் உண்டு. அந்த வருத்தத்துக்குப் பின்னால் அக்காலப் புராட்டஸ்டண்டு மனப்பாங்கு இருந்தது. சடங்கு என்றாலே சரிவு என்று பார்க்கும் பழக்கம் அது. யெகேஸ்கேல் காவ்ஃப்மான் இதை மறுத்தார். ஆசாரிய மூலம் பழையது என்றும், அண்டை நாடுகளின் பேயோட்டும் சடங்குகளோடு ஒப்பிட்டால் இஸ்ரவேலின் ஆசாரியர் கையில் மந்திரமே இல்லை என்றும் அவர் காட்டினார்.

மேரி டக்ளஸ் 1966இல் எழுதிய நூல் விவாதத்தின் திசையை மாற்றியது. தீட்டு என்பது ஒரு சமூகத்தின் வகைப்பாட்டு ஒழுங்கைக் காட்டும் அடையாளம், எந்த வகையிலும் சேராத உயிரினங்களே விலக்கப்பட்டவை என்றார். பல பத்தாண்டுகள் கழித்து, 1999இல் லேவியராகமத்துக்கென்றே எழுதிய நூலில் தம் பழைய விளக்கத்தின் முக்கியப் பகுதிகளை அவரே கைவிட்டார். ஜேகப் மில்கிராம் 1991 முதல் 2001 வரை மூன்று பெருந்தொகுதிகளாக எழுதிய உரையில், தீட்டின் வகைகள் யாவும் மரணத்தோடு தொடர்புடையவை என்றும், மக்களின் தீட்டு பரிசுத்த ஸ்தலத்தில் போய்ப் படிவதால் பலியின் இரத்தத்தால் அதைத் துடைக்க வேண்டியிருந்தது என்றும் விளக்கினார். ஜொனதன் கிளாவன்ஸ் 2000இல் சடங்குத் தீட்டையும் ஒழுக்கத் தீட்டையும் பிரித்துக் காட்டினார். பிள்ளைபெறுவதும் பெற்றோரை அடக்கம் செய்வதும் தீட்டு உண்டாக்கும். ஆனால் அவை பாவமல்ல, கடமை.

இவர்கள் எல்லாரும் தீட்டின் பொருள் என்ன என்றே அதிகம் கேட்டார்கள். அதைத் தீர்மானிப்பவர் யார் என்ற கேள்வியை நேராக எடுத்தவர்களில் ஜேம்ஸ் வாட்ஸ் முக்கியமானவர். 2007இல் வெளிவந்த நூலில் அவர், லேவியராகமம் ஆரோன் வழிவந்த ஆசாரியரின் ஏகபோகத்தை மக்கள் ஏற்கும்படி செய்வதற்கான சொல்வன்மை என்று வாதிட்டார். பலிச் சட்டங்களைப் பொறுத்தவரை அவர் வாதம் வலுவானது. தூய்மைச் சட்டங்களுக்கு அதை அப்படியே நீட்டுவது எனக்கு ஏற்புடையதாக இல்லை.

நம் வாசகர்களுக்கு ஒரு முன்னெச்சரிக்கை அவசியம். தீட்டு என்றதும் பிறப்பால் மனிதரைத் தள்ளிவைக்கும் சாதிக்கொடுமை நம் மனத்தில் எழுவது இயல்பு. லேவியராகமத்தின் 11 முதல் 15 வரையான அதிகாரங்களில் பிறப்பால் தீட்டான மனிதக் கூட்டம் எதுவும் இல்லை. பிரதான ஆசாரியருக்கும் தீட்டு வரும், போகும். அந்தச் சட்டங்களில் கொடுமை இல்லை என்று இதனால் ஆகிவிடாது. இருப்பது வேறு வகைக் கொடுமை.

3. கட்டளை யாரை நோக்கியது

தூய்மைச் சட்டங்களின் ஒவ்வொரு பகுதியும் கர்த்தர் யாரோடு பேசினார், எதை யாருக்குச் சொல்லச் சொன்னார் என்று தொடங்குகிறது. வாசிப்பவர்கள் சடங்கான முன்னுரை என்று கடந்துபோகும் வரிகள் அவை. 11ஆம் அதிகாரம் உண்ணத்தக்கவை, தகாதவை பற்றியது. 12ஆம் அதிகாரம் பிள்ளைப்பேறு பற்றியது. 15ஆம் அதிகாரம் உடலிலிருந்து வெளியேறும் கசிவுகளைப் பற்றியது. இம்மூன்றிலும் இஸ்ரவேல் மக்களுக்குச் சொல்லுங்கள் என்ற ஆணை வெளிப்படையாக உண்டு. தோல், துணி, வீடு ஆகியவற்றில் தோன்றும் படையைப் பேசும் 13, 14ஆம் அதிகாரங்களில் மட்டும் அந்த ஆணை இல்லை. அங்கே கர்த்தர் மோசேயோடும் ஆரோனோடும், ஓரிடத்தில் மோசேயோடு மட்டும் பேசுகிறார்; பேச்சு அத்தோடு நிற்கிறது.

சட்டங்களின் உள்ளடக்கமும் இதற்குப் பொருந்துகிறது. செத்த விலங்கைத் தொட்டவர் சாயங்காலம்வரை தீட்டு. சுமந்தவர் துணியைத் துவைத்துக் காத்திருந்தால் போதும். விந்து வெளிப்பட்டவர் குளித்துவிட்டுச் சாயங்காலத்துக்குக் காத்திருப்பார். மாதவிடாய்க்கு ஏழு நாள். இவை எதிலும் ஆசாரியருக்கு இடமில்லை, பலியும் இல்லை. நீடித்த கசிவு உள்ளவர், அது நின்றபின் தாமே ஏழு நாளை எண்ணிக்கொள்ள வேண்டும். எட்டாம் நாள் இரண்டு புறாக்களோடு ஆசாரியரிடம் வருவார். ஆசாரியர் புறாக்களைப் பலியிடுவார். கசிவு நின்றதா, நாள் சரியாக எண்ணப்பட்டதா என்று விசாரிப்பதாக ஒரு வரியும் கிடையாது. பிணத்தைத் தொட்டதால் வரும் கடுமையான தீட்டுக்கு எண்ணாகமம் 19 சிவப்புக் கிடாரியின் சாம்பல் கலந்த நீரைப் பரிகாரமாகச் சொல்கிறது. கிடாரியை எரிக்கும் இடத்தில் ஆசாரியர் வேண்டும். அந்த நீரைத் தெளிப்பவரோ தூய்மையாக இருக்கும் எவராயினும் போதும்.

மீறியவருக்குத் தண்டனை? ஓய்வுநாளில் விறகு பொறுக்கியவனைச் சபை கல்லெறிந்து கொன்றதாக எண்ணாகமம் 15 சொல்கிறது. தீட்டோடு பரிசுத்த இறைச்சியை உண்டவருக்கு அப்படி எந்த மனித நீதிமன்றமும் இல்லை. அவர் தம் ஜனத்திலிருந்து அறுப்புண்டு போவார் என்று லேவியராகமம் 7 சொல்கிறது. அறுப்பவர் கடவுள். தீட்டோடு கர்த்தரின் வாசஸ்தலத்தைக் கெடுத்து மக்கள் செத்துப்போகாதபடி அவர்களை விலக்கிவைக்க வேண்டும் என்று 15ஆம் அதிகாரத்தின் முடிவு எச்சரிக்கிறது. தெரியாமல் தீட்டைத் தொட்டு, பிறகு உணர்ந்தவர் தாமாக வந்து அறிக்கையிட வேண்டும் என்கிறது 5ஆம் அதிகாரம். யாரும் பார்க்காத உடலில், யாரும் எண்ணாத நாள்களில், கீழ்ப்படிதல் அச்சத்தின்மீதும் மனச்சாட்சியின்மீதும் விடப்பட்டிருக்கிறது. மக்களைக் கண்காணிக்க விரும்பிய ஒரு வர்க்கம் எழுதிக்கொண்ட சட்டமென்றால், கண்காணிப்பை இவ்வளவு தூரம் விட்டுக்கொடுத்திருக்காது.

மெசொப்பொத்தாமியாவின் சடங்கு நூல்கள் சிலவற்றின் இறுதியில் ஓர் எச்சரிக்கை வரும்: அறிந்தவர் அறிந்தவருக்கு மட்டுமே காட்டலாம், அறியாதவர் பார்க்கக் கூடாது. இஸ்ரவேலின் சட்டம், எழுதப்பட்ட வடிவிலாவது, எதிர்த்திசையில் போகிறது. ஆசாரியரின் கையேடாக இருந்திருக்கக்கூடிய படை பற்றிய அதிகாரங்கள்கூட எல்லாருக்குமான நூலுக்குள் சேர்ந்துவிட்டன. ஆசாரியர் எந்த அடையாளத்தைப் பார்த்து எந்தத் தீர்ப்பைச் சொல்ல வேண்டும் என்பதைத் தீர்ப்புக்கு உள்ளாகிறவரும் அறிந்துகொள்ளலாம்.

4. பார்ப்பவரும் பார்க்கப்படுபவரும்

படை பற்றிய சட்டம் ஒன்றில்தான் ஆசாரியரின் சொல் முழு வலிமையோடு நிற்கிறது. எபிரேயத்தில் 'சாரஅத்' எனப்படும் இந்த நிலையைத் தமிழ் வேதாகமம் குஷ்டரோகம் என்கிறது. அங்கே விவரிக்கப்படும் அறிகுறிகள் இன்றைய தொழுநோயோடு பொருந்துவதில்லை. துணியிலும் சுவரிலும் வரும் ஒன்று தொழுநோயாக இருக்கவும் முடியாது.

பரிசோதனை நுணுக்கமானது. படை தோலைவிடப் பள்ளமாகத் தெரிகிறதா, அதிலுள்ள மயிர் வெளுத்திருக்கிறதா என்று ஆசாரியர் பார்க்கிறார். ஐயமிருந்தால் ஏழு நாள் அடைத்துவைக்கிறார், மறுபடி பார்க்கிறார், தேவைப்பட்டால் இன்னும் ஏழு நாள். படை மங்கிப் பரவாமல் இருந்தால் தூய்மை என்கிறார். அந்த அதிகாரத்தில் ஆசாரியர் என்ற சொல் திரும்பத் திரும்ப எழுவாயாக வருகிறது. பரிசோதனையில் நோயாளியின் பேச்சு எங்குமே பதிவாகவில்லை. மருந்தும் இல்லை, மன்றாட்டும் இல்லை. ஆசாரியர் குணப்படுத்துவதே கிடையாது. குணமான பிறகு பாளயத்துக்கு வெளியே போய்ப் பார்த்து உறுதிசெய்கிறார்.

தீட்டென்று தீர்ப்பானவர் உடையைக் கிழித்துக்கொண்டு, தலைமயிரைக் குலையவிட்டு, மேலுதட்டை மூடி, தீட்டு தீட்டு என்று கூவிக்கொண்டு பாளயத்துக்கு வெளியே தனியாக வாழ வேண்டும். எத்தனை நாள் என்ற வரம்பு இல்லை. சமாரியாவின் நுழைவாசலில் பட்டினி கிடந்த, படை வந்த நான்கு பேரின் கதை 2 இராஜாக்கள் 7இல் வருகிறது. நகரத்துக்குள் போனாலும் சாவு, இங்கே இருந்தாலும் சாவு என்று அவர்கள் பேசிக்கொள்வதை வாசிக்கும்போதுதான் லேவியராகமத்தில் கேட்காத குரல் நமக்குக் கேட்கிறது. இந்த ஓர் இடத்தில் வெல்ஹாசனின் பார்வையும் வாட்ஸின் பார்வையும் என்னை நிறுத்தி யோசிக்கவைக்கின்றன. ஒருவரது சொல் இன்னொருவரின் வீட்டையும் குடும்பத்தையும் ஊரையும் பறிக்கிறது, மேல்முறையீடு கிடையாது.

ஆனால் சொல்பவருக்கும் கட்டுப்பாடு உண்டு. அடையாளங்கள் முன்கூட்டியே வகுக்கப்பட்டவை. சில தீர்ப்புகள் ஆசாரியரின் இயல்பான உணர்வுக்கே எதிரானவை. படை உச்சிமுதல் உள்ளங்கால்வரை உடலை முழுவதும் மூடி வெண்மையாகிவிட்டால் அந்த மனிதர் தூய்மையானவர். நடுவில் பச்சை மாமிசம் தெரிந்தால் தீட்டு. பார்த்தவுடன் யாருக்கும் அருவருப்பு உண்டாக்கும் உடலைத் தூய்மை என்று அறிவிக்க ஆசாரியர் கடமைப்பட்டிருக்கிறார். அவருடைய விருப்பு வெறுப்புக்கு அங்கே இடமில்லை.

உபாகமம் 24 இதே விதிவிலக்கை உறுதிசெய்கிறது. படை விஷயத்தில் லேவியரான ஆசாரியர் போதிப்பதையெல்லாம் கவனமாகச் செய்யுங்கள் என்று அது மக்களை எச்சரிக்கிறது. கூடவே, நான் அவர்களுக்குக் கட்டளையிட்டபடி என்று ஆசாரியரையும் கட்டுகிறது. தூய்மைச் சட்டங்களில் வேறு எதற்கும் உபாகமம் ஆசாரியருக்குக் கீழ்ப்படியும்படி இப்படித் தனியாக வற்புறுத்துவதில்லை.

5. முதலில் கீழ்ப்படிய வேண்டியவர்கள்

தூய்மைச் சட்டங்களுக்கு முன்னுரையாக நிற்பது லேவியராகமம் 10. ஆரோனின் மூத்த மக்களான நாதாபும் அபியூவும் கட்டளையிடப்படாத அந்நிய அக்கினியைக் கொண்டுவந்தார்கள். கர்த்தரின் சந்நிதியிலிருந்து புறப்பட்ட நெருப்பு அவர்களைப் பட்சித்தது. தகப்பன் ஆரோன் துக்கம் கொண்டாடவும் தடை. பரிசுத்தமானதையும் பரிசுத்தமில்லாததையும், தீட்டையும் தூய்மையையும் பிரித்தறிந்து மக்களுக்குக் கற்பிக்க வேண்டும் என்ற கட்டளை அந்தச் சாவுக்குப் பின்தான் வருகிறது. கற்பிக்கும் அதிகாரம் பிணங்களின்மேல் நின்று வழங்கப்படுகிறது.

அதே அதிகாரத்தின் முடிவு இன்னும் கவனிக்கத்தக்கது. பாவநிவாரண பலியின் இறைச்சியை உண்ண வேண்டிய ஆரோனின் மற்ற மக்கள் எலெயாசாரும் இத்தாமாரும் அதை எரித்துவிட்டார்கள். மோசே கோபித்துக்கொள்கிறார். ஆரோன் பதில் சொல்கிறார்: இன்று எனக்கு இப்படியெல்லாம் நேர்ந்திருக்கையில் நான் அதை உண்டிருந்தால் கர்த்தருக்கு நன்றாய் இருந்திருக்குமா? மோசே அந்த விடையை ஏற்றுக்கொள்கிறார். கட்டளையை மீறிய இருவர் எரிந்துபோன அதே நாளில், கட்டளையை நியாயத்தோடு மாற்றிச் செய்த இருவர் தப்பினார்கள். சட்டத்தைத் தந்தவரிடமே சட்டத்தின் பொருளைப் பற்றி வாதாடி வெல்ல முடியும் என்பதை லேவியராகமம் தன் நடுவிலேயே வைத்திருக்கிறது. ஆய்வாளர்கள் நாதாப், அபியூ கதைக்குக் கொடுத்த கவனத்தை இந்த உரையாடலுக்குப் போதிய அளவு கொடுக்கவில்லை என்பது என் எண்ணம்.

மற்ற மக்களைவிட ஆசாரியர்களே கடுமையாகக் கட்டப்பட்டவர்கள். நெருங்கிய உறவினர் தவிர வேறு பிணத்தின் அருகே அவர்கள் போகக் கூடாது. பிரதான ஆசாரியர் தம் தாய் தகப்பன் பிணத்துக்கும் போகக் கூடாது. தீட்டுப்பட்ட ஆசாரியருக்குத் தம் வாழ்வாதாரமான பரிசுத்த உணவு கிடைக்காது. ரப்பிகள் என்னும் யூத சட்ட அறிஞர்களின் பிற்காலத் தொகுப்பான மிஷ்னாவின் சன்ஹெத்ரின் பகுதி ஒரு கொடிய வழக்கத்தைப் பதிவுசெய்கிறது. தீட்டோடு பணிசெய்த ஆசாரியரைச் சக ஆசாரியர்கள் நீதிமன்றத்துக்குக் கொண்டுபோவதில்லை. இளம் ஆசாரியர்கள் வெளியே இழுத்துக் கட்டைகளால் மண்டையைப் பிளப்பார்கள். தீட்டுக்காக மனிதர் கையால் தண்டனை வரும் இடம் ஆலய முற்றம், தண்டிக்கப்படுபவர் ஆசாரியர்.

6. எதிர்த்தவர்களின் தோல்

சட்டம் ஒரு பக்கம் இருக்க, கதைகள் வேறு வழியில் போகின்றன. மோசேக்கு எதிராகப் பேசிய மிரியாமின் தோல் உறைபனிபோல் வெளுத்து, அவள் ஏழு நாள் பாளயத்துக்கு வெளியே அடைபட்டாள் (எண்ணாகமம் 12). உபாகமம் படைச் சட்டத்தை வற்புறுத்தியவுடனே அவளை நினைத்துக்கொள்ளும்படி சொல்கிறது. கூடப் பேசிய ஆரோனின் தோல் வெளுக்கவில்லை என்பதும் வாசகரின் கண்ணுக்குத் தப்பாது.

உசியா அரசனின் கதை இதைவிடத் தெளிவானது. 2 இராஜாக்கள் 15இல் அவன் பெயர் அசரியா. கர்த்தர் அவனை வாதித்தார், சாகும்வரை தனி வீட்டில் இருந்தான், மகன் யோதாம் அரண்மனையை நடத்தினான் என்று சொல்லிவிட்டு அந்நூல் நகர்கிறது. காரணம் சொல்லவில்லை. பாரசீகர் காலத்திலோ அதற்குப் பின்னரோ எழுதப்பட்ட 2 நாளாகமம் 26, காரணத்தைக் கண்டுபிடித்துத் தருகிறது. அரசன் தூபங்காட்ட ஆலயத்துக்குள் நுழைந்தான். அசரியா என்னும் ஆசாரியர் 80 ஆசாரியரோடு போய் எதிர்த்து நின்றார். தூபகலசத்தைக் கையில் பிடித்தபடி அரசன் கோபித்தபோது நெற்றியில் படை தோன்றியது. ஆசாரியர்கள் அவனைப் பார்த்தார்கள், படை இருந்தது, வெளியேற்றினார்கள். பார்ப்பது, தீர்ப்பது, வெளியேற்றுவது என்று லேவியராகமத்தின் பரிசோதனை முறையே கதையாகிறது. ஏழு நாள் காத்திருப்பு மட்டும் காணாமல் போயிற்று.

இரண்டு நூல்களுக்கும் இடைப்பட்ட காலத்தில் நடந்தது இங்கே வெளிப்படுகிறது. சட்டத்தில் படைக்குக் காரணம் கூறப்படவே இல்லை. படை வந்தவர் பாவி என்று லேவியராகமம் சொல்வதில்லை. கதைகளில் அது அதிகாரத்தை எதிர்த்தவரின் உடலில் இடப்பட்ட முத்திரையாகிவிடுகிறது. அரசன் இல்லாமற்போன யூதேயாவில், அரசனைவிட ஆசாரியர் மேல் என்று சொல்ல நாளாகமக்காரருக்கு ஒரு நோய் உதவியது. வெல்ஹாசன் சொன்ன ஆசாரிய ஆட்சியைத் தேடுபவருக்கு லேவியராகமத்தைவிட நாளாகமமே நல்ல சாட்சி.

7. எத்தனை பேர் கைக்கொண்டார்கள்

நூலில் எழுதியிருப்பதும் மக்கள் நடந்துகொண்டதும் ஒன்றென்று எடுத்துக்கொள்ள முடியாது. தொல்லியலாளர் யோனாத்தான் அட்லர் 2022இல் வெளியிட்ட நூலில், மோசேயின் சட்டநூலான தோராவின் சட்டங்களை யூதேயாவின் பொதுமக்கள் பரவலாகக் கைக்கொண்டதற்கான உறுதியான சான்று கி.மு. இரண்டாம் நூற்றாண்டுக்கு முன் கிடைக்கவில்லை என்று வாதிட்டார். செதிலில்லாத மீனை லேவியராகமம் 11 விலக்குகிறது. யூதேயாவின் பழைய குடியிருப்புகளிலோ கெளுத்தி மீனின் எலும்புகள் தாராளமாகக் கிடைத்திருக்கின்றன. குளித்துத் தூய்மையாவதற்காகப் படிகளோடு வெட்டப்பட்ட குளியல் தொட்டிகள் நூற்றுக்கணக்கில் தோன்றுவது யூதேயாவை ஆண்ட ஹஸ்மோனியர் காலத்திலிருந்துதான். தீட்டேறாது என்று கருதப்பட்ட சுண்ணக்கல் பாத்திரங்கள் அதற்கும் பின்னால், கி.மு. முதல் நூற்றாண்டின் இறுதியில் பெருகுகின்றன.

சான்று இல்லாததால் பழக்கமே இல்லை என்று ஆகிவிடுமா? குளியல் தொட்டி இல்லாதவர் ஆற்றில் குளித்திருப்பார். சட்டம் தொட்டியைக் கேட்கவில்லை. மாதவிடாய் நாள்களை எண்ணிய பெண் மண்ணில் தடயம் விட்டுப்போகமாட்டாள். மீன் எலும்பு மட்டும் எளிதில் விளக்கிவிட முடியாத சான்று. கி.மு. 520இல் தீர்க்கதரிசி ஆகாய் ஆசாரியரிடம் போய், பரிசுத்த இறைச்சியைச் சுமந்த ஆடை அப்பத்தைத் தொட்டால் அப்பம் பரிசுத்தமாகுமா, பிணத்தால் தீட்டானவர் தொட்டால் அது தீட்டாகுமா என்று கேட்கும் காட்சி அவர் நூலில் உண்டு. விடை நூலைப் பார்த்து வாசிக்கப்படவில்லை. ஆசாரியர் வாயிலிருந்து வருகிறது. எழுதிய சட்டத்துக்கு அருகில் வாய்மொழித் தீர்ப்பு நெடுங்காலம் வாழ்ந்திருக்கிறது என்று கொள்வதே பொருத்தம்.

கி.மு. 167இல் செலூக்கிய அரசன் அந்தியோக்கஸ் எப்பிபானஸ் தோராவைத் தடைசெய்தபோது, தீட்டான உணவை உண்பதைவிடச் சாவதே மேல் என்று பலர் செத்ததாக மக்கபேயர் முதல் நூல் சொல்கிறது. அவர்களுக்கு ஆசாரியர் யாரும் கட்டளையிட்டதாக அங்கே சொல்லப்படவில்லை. கி.மு. 164இல் ஆலயத்தை மீட்ட பிறகு, தீட்டுப்பட்ட பலிபீடத்தின் கற்களை என்ன செய்வது என்ற கேள்வி எழுந்தது. குற்றமற்ற ஆசாரியர்கள் சூழ்ந்திருந்தும் அவர்கள் தீர்ப்புச் சொல்லவில்லை. பீடத்தை இடித்து, ஒரு தீர்க்கதரிசி வந்து விடை சொல்லும்வரை கற்களை ஓரிடத்தில் வைத்துவிட்டார்கள். எழுதப்பட்ட சட்டம் பேசாத இடத்தில் தங்கள் சொல்லுக்கு வலிமை இல்லை என்று ஆசாரியர்களே ஒப்புக்கொண்ட அரிய தருணம் இது.

8. அறிவு ஒருவரிடம், சொல் இன்னொருவரிடம்

சாலமன் ஷெக்டர் கெய்ரோ ஜெனிசாவில் கண்டெடுத்து 1910இல் வெளியிட்ட தமஸ்கு ஆவணத்தின் படிகள் பின்னர் கும்ரான் குகைகளிலும் கிடைத்தன. பாளயத்தில் யாருக்காவது படை பற்றிய ஐயம் எழுந்தால் ஆசாரியர் வந்து நிற்க வேண்டும், மேற்பார்வையாளர் அவருக்குச் சட்டத்தின் நுட்பத்தைச் சொல்லித்தர வேண்டும் என்கிறது அந்த ஆவணம். ஆசாரியர் அறிவில்லாதவராக இருந்தாலும் அடைத்துவைப்பவர் அவரே. ஏனெனில் தீர்ப்பு ஆசாரியருக்கு உரியது.

மிஷ்னாவின் நெகாயீம் பகுதி கி.பி. மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தொகுக்கப்பட்டது. அது ஏறத்தாழ இதையே சொல்கிறது. படையைப் பரிசோதிக்க யாரும் தகுதியானவர். ஆனால் தீட்டும் தூய்மையும் ஆசாரியர் கையில். அறிந்தவர் அவரிடம் தீட்டென்று சொல் என்பார், அவர் தீட்டு என்பார். தூய்மையென்று சொல் என்பார், அவர் தூய்மை என்பார். ஒன்றையொன்று எதிர்த்த கும்ரான், ரப்பி மரபுகள் இரண்டும் இந்த விநோத ஏற்பாட்டில் ஒத்துப்போகின்றன. சட்டத்தில் ஆசாரியர் என்ற சொல் எழுதப்பட்டிருப்பதால் அவரை நீக்க முடியாது. அறிவை அவரிடமிருந்து எடுத்துக்கொள்ள மட்டும் முடிந்தது.

இதை வெறும் அதிகாரப் பறிப்பு என்று சுருக்கிவிடவும் முடியாது. நெகாயீம் பகுதி பரிசோதனையைப் பல வகையில் மட்டுப்படுத்துகிறது. விடியற்காலையிலும் மாலை மங்கலிலும், வீட்டுக்குள்ளும், மேகம் மூடிய நாளிலும் பார்க்கக் கூடாது. தன் படையைத் தானே பார்த்துத் தீர்ப்புச் சொல்லக் கூடாது. புதுமாப்பிள்ளைக்குப் படை தென்பட்டால் விருந்தின் ஏழு நாளும் விட்டுவைக்க வேண்டும், பண்டிகையிலும் அப்படியே. ஆசாரியர் சொல்லும்வரை தீட்டில்லை என்ற லேவியராகமத்தின் விதியை ரப்பிகள் இரக்கத்துக்கான இடைவெளியாக மாற்றினார்கள். வீட்டை முன்கூட்டியே காலிசெய்யும் கட்டளைக்கு ரப்பி மேயிர் தந்த விளக்கமும் இவ்வழிப்பட்டதே. துணியையும் மரச்சாமானையும் உலோகத்தையும் நீரில் முக்கித் தூய்மையாக்கலாம், மண்பாண்டத்தை உடைக்கத்தான் வேண்டும். ஆகவே தோரா வீட்டுக்காரரின் குடத்தையும் சாடியையும் காப்பாற்றக் கவலைப்பட்டது என்றார்.

சிவப்புக் கிடாரி விஷயத்தில் இரக்கம் இல்லை, மோதல்தான். குளித்தவர் சூரியன் மறைந்த பிறகே அதை எரிக்கத் தகுதியானவர் என்று சதுசேயர் கருதினார்கள். கும்ரானில் கிடைத்து 1994இல் எலிஷா கிம்ரோனும் ஜான் ஸ்ட்ரக்னெலும் பதிப்பித்த சட்டக் கடிதமும் அதே கருத்தைச் சொல்கிறது. குளித்தாலே போதும் என்பது எதிர்த்தரப்பின் நிலை. அதை நிலைநாட்ட, கிடாரியை எரிக்கும் ஆசாரியரை வேண்டுமென்றே தீட்டாக்கி ஒலிவ மலையிலேயே குளிக்கவைத்தார்கள் என்று மிஷ்னாவின் பாரா பகுதி பதிவுசெய்கிறது. ஆசாரியரின் உடலே இருதரப்பு வாதத்தின் களமாயிற்று.

9. காரணமும் கீழ்ப்படிதலும்

இந்தச் சட்டங்களுக்குக் காரணம் கேட்கலாமா என்பதிலும் மரபு ஒருமுகப்பட்டதில்லை. அரிஸ்தேயாவின் கடிதம் என்னும் கிரேக்க நூலில் பிரதான ஆசாரியர் எலெயாசார் விலக்கப்பட்ட விலங்குகளுக்கு ஒழுக்க விளக்கம் தருகிறார். யோகனான் பென் சக்காய் பற்றிய மித்ராஷ் கதை வேறு திசையில் போகிறது. கிடாரியின் சாம்பல் சூனியம்போல் இருக்கிறதே என்று கேட்ட புறஜாதியானுக்கு அவர் பேயோட்டும் ஒப்புமை சொல்லி அனுப்பினார். மாணவர்கள் விடவில்லை. அவனைக் கோலால் தள்ளிவிட்டீர், எங்களுக்கு என்ன சொல்வீர் என்றார்கள். பிணம் தீட்டாக்குவதும் இல்லை, நீர் தூய்மையாக்குவதும் இல்லை, இது அரசர்களுக்கெல்லாம் அரசரின் ஆணை என்றார் அவர். தீட்டைப் பொருளிலிருந்து முற்றிலும் பிரித்து ஆணையில் மட்டும் நிறுத்தும் கூற்று இது. ஆணையிடுபவர் ஆசாரியர் இல்லை என்பதும் இதற்குள்ளேயே இருக்கிறது.

மைமோனிதிஸ் பன்னிரண்டாம் நூற்றாண்டில் தம் சட்டத் தொகுப்பில் இதையே பின்பற்றி, தீட்டு நீரால் போகும் அழுக்கல்ல, வேதத்தின் ஆணை என்றார். தம் தத்துவ நூலில் காரணமும் தேடினார்: எப்போதும் ஏதோ ஒரு தீட்டு இருப்பதால் மக்கள் ஆலயத்துக்கு அடிக்கடி போக முடியாது, அதனால் அதன்மேல் உள்ள அச்சம் குறையாது. லேவியராகமம் 15இன் முடிவோடு சேர்த்து வாசித்தால், மேலே பார்த்த நவீன விளக்கங்கள் பலவற்றைவிட இது மூலநூலுக்கு அருகில் இருப்பதாகவே எனக்குப் படுகிறது.

10. பெண்ணின் கணக்கு

கி.பி. 70இல் ஆலயம் அழிந்தது. சிவப்புக் கிடாரியின் சாம்பல் காலப்போக்கில் தீர்ந்தது, படைப் பரிசோதனை வழக்கொழிந்தது. ஆசாரியர் தேவைப்பட்ட தூய்மைச் சட்டங்கள் நடைமுறையிலிருந்து மறைந்தன. ஆசாரியருக்கு இடமே தராத ஒன்று, மாதவிடாய்ச் சட்டம், மணவாழ்க்கையோடு பிணைந்திருந்ததால் நிலைத்தது. லேவியராகமம் 15இல் பெண் தன் நாள்களைத் தானே எண்ணுகிறாள். மிஷ்னாவின் நித்தா பகுதியிலோ இரத்தத்தின் நிறங்கள் வகைப்படுத்தப்படுகின்றன. கறைபட்ட துணி ரப்பியின் முன் வருகிறது. ஆசாரியருக்குப் படையில் இருந்த பார்வையின் அதிகாரம், அவருக்கு ஒருபோதும் தரப்படாத இடத்தில், இன்னொருவர் கையில் புதிதாக முளைக்கிறது. ஷார்லட் ஃபான்ரோபர்ட் 2000இல் வெளியிட்ட நூலில் இந்த மாற்றத்தை விரிவாக ஆராய்ந்தார்.

அங்கேயும் நிலைமை ஒருவழிப்பட்டதில்லை. கறை கண்டதாகச் சொல்லி வந்த பெண்ணிடம் ரப்பி அக்கிபா, உன் உடலில் காயம் இருந்ததா என்று கேட்டார். இருந்தது, ஆறிவிட்டது என்றாள். அது மீண்டும் திறந்து இரத்தம் வரக்கூடியதா என்றார். ஆம் என்றாள். தூய்மை என்று தீர்ப்பளித்தார். மாணவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ள, கறை பற்றிய விதியை ஞானிகள் கடுமைக்காக வகுக்கவில்லை, தளர்வுக்காகவே வகுத்தார்கள் என்றார். தீர்ப்பு அவள் வாக்குமூலத்தின்மேல் நிற்கிறது. மிஷ்னாவுக்கான விரிவுரையான பாபிலோனியத் தல்மூதில் யால்தா என்ற பெண், ஒரு ரப்பி தீட்டென்று சொன்ன இரத்தத்தை இன்னொருவரிடம் கொண்டுபோய்த் தூய்மையென்று தீர்ப்புப் பெறுகிறாள். படை வந்தவருக்கு லேவியராகமத்தில் இல்லாத மேல்முறையீட்டை அவள் தானாக உண்டாக்கிக்கொண்டாள்.

கடுகளவு இரத்தம் கண்டாலும் ஏழு தூய நாள் காத்திருக்கும் வழக்கத்தை இஸ்ரவேலின் பெண்கள் தாங்களே ஏற்றுக்கொண்டார்கள் என்று அதே நூலில் ரப்பி செய்ரா சொல்கிறார். தோரா விதித்ததைவிடக் கடுமையான இந்த வழக்கமே பிற்காலத்தில் கட்டாயச் சட்டமாயிற்று. பெண்களே தங்கள்மேல் சுமத்திக்கொண்டார்கள் என்ற கூற்றை, சட்டம் வகுத்த ஆண்கள் பொறுப்பைத் தட்டிக்கழித்த உத்தியாக மட்டும் வாசிப்பவர்கள் உண்டு. லேவியராகமத்தின் முதல் அமைப்பை வைத்துப் பார்த்தால் அது எனக்குப் போதுமான விளக்கமாகத் தோன்றவில்லை. நாளை எண்ணும் உரிமையை மூலச்சட்டம் அவளிடம்தான் விட்டிருந்தது. அந்த உரிமையைக் கொண்டு அவள் எண்ணிக்கையைக் கூட்டினாள். கூட்டிய எண்ணிக்கையை மற்றவர்கள் சட்டமாக்கியபோது, குறைக்கும் உரிமை அவளிடம் இருக்கவில்லை.